சீனிச் சம்பல் தின்ற பூனை

எங்கள் வீடு பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியிலிருந்து மேலே ஏறுகிற ஓர் ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது. நான் கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறவன். சீமெந்து, ஆணி, பெயின்ட், பைப் என்று கேட்பதை எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. மனைவி வீட்டில் சீனிச் சம்பல் செய்து கொடுப்பாள். ஒழுங்கை முனையில் இருக்கும் தேத்தண்ணிக் கடையில் காலையில் விற்கிற பணிசுக்குள், அதாவது பன்னுக்குள், வைக்கிற சம்பல் அவள் கைப்பக்குவம். பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிசாக அரிந்து, மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டு, மிளகாய்த்தூள், ரம்பை இலை, கொஞ்சம் புளி எல்லாம் சேர்த்து, கடைசியில் சீனி தூவி, எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில் வதக்க வேண்டும். அவசரப்பட்டால் கசந்துவிடும். அடுப்புப் பக்கம் நின்றால் கண்ணும் எரியும், வாயும் ஊறும்.

எங்களுக்கு ஒரே மகள். அவளைக் கட்டிக்கொடுத்து அவள் நீர்கொழும்புக்குப் போன வருஷம்தான் பூனை வந்தது. கடையில் சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. முதலாளி அப்புறப்படுத்தச் சொன்னார். மற்றக் குட்டிகளை ஆளுக்கொன்றாகக் கொண்டுபோக, கடைசியாக மிஞ்சிய மூன்று நிறக் குட்டியை ஆணி வந்த பெட்டியில் போட்டு நான் பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

"பூனை வேணாங்க. அடுப்படியில வாய் வைக்கும்" என்றாள் மனைவி.

"நாளைக்கு யாருக்காவது குடுத்திருவோம்" என்றேன்.

மறுநாள் வேலை விட்டு வந்தபோது அது அவள் மடியில் கிடந்தது. "பாவங்க, இதுக்கு யாரு இருக்கா" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளுக்கு ஒரு பழக்கம். சோறு வடித்ததும் முதலில் சாமிக்கு வைப்பாள். பிறகு மதில் மேல் காக்கைக்கு ஒரு பிடி. காக்கை எடுத்த பிறகுதான் எனக்குத் தட்டு வரும். பூனை வந்த பிறகு காக்கைக்கும் எனக்கும் நடுவில் அது வந்தது. மிச்சம் மீதி போடுவது அவளுக்குப் பிடிக்காது. "வாயில்லாத ஜீவன். நம்ம திங்கிற எச்சியவா அதுக்குப் போடறது?" என்பாள். எனவே எங்களுக்கு என்ன கறியோ அதுதான் பூனைக்கும். தாளித்த பருப்பு, மீன் குழம்பு, கிழங்குப் பிரட்டல். எல்லாவற்றையும்விட அதற்குப் பிடித்தது சம்பல்தான். மாசியின் மணம் அப்படி. சம்பல் இறக்கியதும் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சோற்றில் பிசைந்து வைப்பாள். பூனை ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு, சட்டி கழுவும் இடம்வரை அவள் பின்னாலேயே போகும். பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள் பெருமையாகச் சொல்வாள், "எங்க வீட்டுப் பொண்ணு ஒரப்பு திங்கிற பொண்ணு" என்று.

அது பெரிதாகி ஒரு வருஷம் போல இருக்கும். கார்த்திகைக்குக் கொஞ்ச நாள் முன்பு அது சோர்ந்து போனது. படி ஏறாது. வெயிலில் படுத்தால் படுத்தபடி. அதோடு ஒரு புதுப் பழக்கமும் வந்தது. பூசாத சுவரைப் போய் நக்கிக்கொண்டே இருக்கும். நான் சிரித்தேன். "சீமெந்து மூட்டையில பொறந்ததுல்ல, பொறந்த வீட்டு ருசி போகல" என்றேன். மனைவியும் சிரித்தாள். அது ஒரு நோயின் அடையாளம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

கார்த்திகை முதல் நாள் நான் மாலை போட்டேன். ஐயப்பனுக்கு வருஷா வருஷம் போடுவது. மலைக்கு இரண்டு தடவைதான் போகக் கிடைத்தது. மற்ற வருஷங்களில் இங்கேயே கோயிலில் இருமுடி இறக்கி மாலையைக் கழற்றுவேன். ஆனால் விரதத்தில் குறை வைப்பதில்லை. எங்கள் குருசாமி நகரசபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண்டிப்பானவர். மாலை போட்ட வீட்டில் மீன், இறைச்சி, முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் கூடாது என்பது அவர் கட்டளை. ஆகையால் விரதம் முடியும்வரை மனைவி சம்பல் செய்வதில்லை. தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் அது பழகிப்போனது. அந்த நாட்களில் அவர் பணிசுக்குள் தேங்காய்ப் பூவும் சீனியும் வைத்து விற்பார்.

மாலை போட்டவர்கள் எதிர்ப்படும் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். பெண்டாட்டியும் சாமி, பஸ் கொண்டக்டரும் சாமி. வாசலில் குறுக்கே படுத்திருக்கும் பூனையிடமும் "சாமி, கொஞ்சம் நகருங்க" என்பேன். அது நகராது.

அந்த விரத காலத்தில் பூனைக்கு எங்களோடு சேர்ந்து பருப்பும் பூசணியும் தயிரும்தான். ஆச்சரியம் என்னவென்றால், நாளுக்கு நாள் அது தேறி வந்தது. சுவரை நக்குவது நின்றது. மதில் மேல் தாவி ஏறியது. வீட்டில் பஜனை வைத்த சனிக்கிழமை, இத்தனை பேர் சரணம் சொல்லிக் கத்துகிற இடத்தில், அது வந்து விளக்கடியில் கால் மடித்து உட்கார்ந்துகொண்டது.

குருசாமி பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இது சாப்பாடு என்ன சாமி?"

"நாங்க சாப்பிடறதுதான் சாமி. மீன் வாசமே காட்டறதில்ல" என்றாள் மனைவி.

"அப்ப இதுவும் விரதம். முதல் வருஷம்ல? கன்னிச்சாமி!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் விளையாட்டாக ஒரு துளசி மணியை நூலில் கோத்து அதன் கழுத்தில் கட்டினார். மனைவிக்கு மட்டும் அது விளையாட்டாக இல்லை. நோயாய்க் கிடந்த உயிர் விரதத்தில் எழுந்து நடக்கிறதென்றால் அது சாமி காரியம் என்று அவள் நம்பினாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இல்லை என்று இப்போது சொல்வதில் அர்த்தமில்லை.

தை மாதம் மாலை இறங்கியது. பூனையின் மணியையும் அவிழ்த்தோம். மறுநாளே வெங்காய மூட்டை வந்தது, சட்டி அடுப்பில் ஏறியது. அத்தனை நாளும் சம்பல் காணாத பூனை, சட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டது. மனைவி ஆசையாக இரட்டைப் பங்கு வைத்தாள்.

மாசி மாதக் கடைசியில் அது மறுபடி சோர்ந்தது. இந்த முறை மோசம். எழுந்து இரண்டடி வைத்து உட்கார்ந்துவிடும். மூச்சு வேகமாக வாங்கியது. மூத்திரம் பாலில்லாத தேத்தண்ணி நிறத்தில் போனது. மனைவி அழுதாள்.

"மணிய கழட்டியிருக்கக் கூடாதுங்க. விளையாட்டா கட்டினதுன்னு நம்ம நெனச்சோம். அது சாமி ஏத்துக்கிட்டது. இப்ப குத்தமாப் போச்சு" என்றாள். குருசாமிக்கு போன் எடுத்தேன். அவரும் "திரும்பக் கட்டிப் பாருங்க, கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணுங்க" என்றார்.

மணியை எடுத்துக்கொண்டு மனைவி பூனையோடு பின்பக்கம் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர்கள் அக்காவை ராத்தா என்பார்கள்; என் மனைவியும் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். மனைவி மணிக் கதையைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

ராத்தா மூச்சு வாங்கிக் கிடந்த பூனையின் திறந்த வாயைப் பார்த்தார். பிறகு, "தங்கச்சி, கோவிக்கப் படாது. ஒங்கட பூனை விரதம் ஒண்டும் இருக்கல்ல" என்றார்.

"என்ன ராத்தா சொல்றீங்க?"

"நான் மீன் கழுவுற நேரத்துக்குச் சரியா மதிலால பாஞ்சி வரும். ஒங்கட விரதம் முடியுற வரைக்கும் ஒவ்வொரு நாளும் எங்கட வூட்ல மீன் தலை தின்டது. கோழி ஈரலும் தின்டது. பள்ளிக்கு பாங்கு சொல்றதும் அது வாறதும் ஒண்டு."

மனைவி வாயைப் பிளந்தாள். "எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே!"

"விரதம் பிடிக்கிற ஆக்களுக்கிட்ட மீன் கதைய எப்டி சொல்ற? அது போகட்டும். மணி கட்டுறதெண்டா கட்டுங்க, ஆனா முதல்ல டொக்டருக்கிட்ட கொண்டு போங்க. அதுட முரச பாருங்க, கடதாசி மாதிரி ஈக்குது."

அப்போதுதான் பார்த்தோம். பூனையின் ஈறு வெள்ளையாக இருந்தது.

அன்றே திரீவீலரில் கண்டிப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். சின்ன வயதுச் சிங்களப் பெண். பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான். என் மனைவிக்குச் சந்தைக்குப் போய்வந்தே அது நன்றாக வரும். டொக்டர் பூனையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். பிறகு, "என்ன சாப்பாடு குடுக்குறீங்க?" என்று கேட்டார்.

"நாங்க சாப்பிடறதத்தான் டொக்டர். மிச்சம் போடறதே இல்ல."

"நேத்து என்ன?"

"சோறும் சீனிச் சம்பலும்."

"முந்தாநாள்?"

"பருப்பு. அன்னைக்கும் கொஞ்சம் சம்பல் வச்சேன். அதுக்கு உயிர்."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். வெங்காயம் பூனைக்கு விஷம். பச்சையாக இருந்தாலும் வதக்கினாலும் பொடியாக இருந்தாலும் ஒன்றுதான். பூண்டு அதைவிட மோசம். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அவற்றின் சத்து பூனையின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஒரு நாள் கொஞ்சம் தின்றால் வெளியே தெரியாமலே போகலாம்; தொடர்ந்து தின்றால் இரத்தம் வற்றிக்கொண்டே வரும். இரத்தம் குறைந்த பூனைகள் சுவரையும் மண்ணையும் நக்கும் என்றும் அவர் சொன்னார். நாங்கள் அதை அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை. 

விரதத்தில் ஏன் தேறியது என்பதும் அப்போது விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் வெங்காயம் இல்லை. பக்கத்து வீட்டில் மீன் இருந்தது.

"பிழைக்குமா டொக்டர்?" என்றாள் மனைவி.

"இன்னும் இறங்கினா கஷ்டம். சேலைன் குடுத்து இங்க வச்சிப் பாக்கிறேன். நாளைக்கும் சொல்ல முடியாது, மறுநாளும் சொல்ல முடியாது."

பூனையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினோம். கடுகண்ணாவைப் பக்கம் போகிற பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து எங்களை முந்திப் போன பிறகு, "காக்காய்க்கு வச்ச சோத்துலயும் வெங்காயம் இருந்திச்சே. அதுங்களுக்கு என்ன ஆச்சோ" என்றாள் மனைவி. 

பூனை அங்கே இருந்த நாட்களில் அவள் சம்பல் செய்யவில்லை. கடைக்காரர் ஆள் அனுப்பியதற்கு, உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னாள். பின்னேரத்தில் நான் வேலை விட்டு நேரே போய்ப் பூனையைப் பார்த்துவிட்டு வருவேன். அவள் வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்ப்பாள். ஒரு நாள், "ஈறு கொஞ்சம் ரோஸ் ஆகியிருக்கு. என் கையைக் கடிச்சிருச்சு" என்றேன். அன்றுதான் அவள் சரியாகச் சாப்பிட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது டொக்டர் சொல்லி அனுப்பியது: வெறும் தண்ணீரில் அவித்த மீன், கோழி, கொஞ்சம் ஈரல். உப்பு வேண்டாம், தூள் வேண்டாம். அவித்த முள் குத்தும், அதை எடுத்துவிட வேண்டும். சொக்லட் வாயில் பட விடக்கூடாது. பாலும் எல்லாப் பூனைக்கும் ஒத்துக்கொள்ளாது. சோறும் பருப்பும் மட்டும் தின்று பூனை உயிர் வாழாது, அதன் உடம்பு இறைச்சிக்குப் படைத்த உடம்பு. முக்கியமாக, இவ்வளவு சோர்ந்து எழும்பிய பூனையைப் பட்டினி போடக்கூடாது. ஒன்றிரண்டு நாள் தின்னாமல் விட்டால் ஈரல் கெட்டுவிடும். பைக்கற்றில் வரும் பூனைச் சாப்பாடு நல்லது என்றார். வாங்கிப் பார்த்தோம். முகர்ந்துவிட்டு, மண் போட்டு மூடுவதுபோல் நிலத்தைச் சுரண்டிவிட்டுப் போனது.

உப்பில்லாமல் ஒரு உயிருக்குச் சாப்பாடு வைப்பது மனைவிக்கு முதலில் முடியவே இல்லை. ஒரு தடவை மீன் அவித்த தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, "சீ, இதையா?" என்றாள். பூனையின் முன்னால் வைத்தபோது, "கோச்சுக்காதடி, டொக்டர் சொல்லிட்டாங்க" என்றாள். பூனை கோபிக்கவில்லை. சம்பல் வதக்குகிற நாளில்தான் கோபித்தது. அன்று கதவைச் சாத்திவிடுவாள். அது வெளியே நின்று கதவைப் பிறாண்டி அலறும். "கத்து. நல்லாக் கத்து" என்று உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே கிண்டுவாள்.

கார்த்திகை மறுபடி வந்தது. மாலை போட குருசாமியை வீட்டுக்கு அழைத்திருந்தோம். வந்ததும், "எங்க நம்ம பூனைச்சாமி? இந்த வருஷம் ரெண்டாவது மலை" என்றார்.

"அவ இந்த வருஷம் வரல்ல சாமி" என்றாள் மனைவி.

"ஏன்?"

"மீன் சாப்பிடணும். இல்லாட்டி செத்திரும்."

குருசாமியின் முகம் மாறியது. "மாலை போட்ட வீட்டுல மீனா? இத்தனை வருஷ விரதம் சாமி. ஒரு பூனைக்காக..."

மனைவி குருசாமியை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். "நம்ம ஐயப்பன் ஏறி வர்ற புலி என்ன சாமி சாப்பிடுது? பருப்பா?"

கூட வந்திருந்த ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். குருசாமி கொஞ்ச நேரம் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். ஆனால் ஓர் ஒழுங்கு சொன்னார். மீன் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. மாலை போட்ட கை அதைத் தொடக்கூடாது. ராத்தா தன் வீட்டில் அவித்துக் கொடுக்க ஒத்துக்கொண்டார். மனைவி மதிலடியில் வைத்து பூனைக்கு ஊட்டிவிட்டு, குளித்துவிட்டு உள்ளே வருவாள். எல்லாருக்கும் அது சரியாகவே இருந்தது.

மார்கழியில் மனைவிக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துவந்து படுத்தவள் எழும்பவில்லை. ராத்தா கலகெதரயில் மகளுக்குப் பிள்ளை பிறந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். கஞ்சி வைப்பதும் நெற்றியில் துணி போடுவதுமாக இருந்ததில் பூனையை நான் மறந்தேபோனேன். மறுநாள் காலையில்தான் அது முந்தின நாள் முழுக்க ஒன்றும் தின்னவில்லை என்று உறைத்தது. வெங்காயம் போடாத பருப்புச் சோறு வைத்தேன். தயிர் வைத்தேன். பைக்கற்றைப் பிரித்துக் கொட்டினேன். எதையும் தொடவில்லை. எழுந்து போய், பின்பக்கத்துச் சுவரை நக்கத் தொடங்கியது.

உள்ளேயிருந்து மனைவி மெல்லிய குரலில் கேட்டாள். "அவ சாப்பிட்டாளா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இப்ப சாப்பிடுவா" என்று சொல்லிவிட்டுக் கறுப்பு வேட்டியோடு, கழுத்தில் மாலையோடு, செருப்பில்லாத காலோடு பிலிமத்தலாவை டவுனுக்கு இறங்கினேன்.

மீன் கடைக்காரர் எங்கள் தமிழ் ஆள்தான். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "சாமி, கோயில் மேல இருக்கு. பாதை மாறி வந்துட்டீங்க."

"கால் கிலோ சாளை குடுங்க சாமி."

"யாருக்கு?"

"பூனைக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றது சாமி" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காமல், மீனைச் சுத்தம் பண்ணி இரண்டு பைக்குள் போட்டு வாசம் வராமல் கட்டித் தந்தார்.

வீட்டுக்குள் கொண்டு போகவில்லை. பின்பக்கம் கல் கூட்டி, மகள் வீட்டிலிருக்கும்போது வெந்நீர் வைத்த ஒரு சின்னச் சட்டியில் தண்ணீர் ஊற்றி நெருப்பு மூட்டினேன். ஈர விறகு, புகைந்துகொண்டே கிடந்தது. மனதுக்குள் சரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். குற்றம் என்றால் குற்றத்தை என்னோடு வைத்துக்கொள், அந்த உயிரில் கை வைக்காதே என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறியதும் வாழை இலையில் கொட்டி முள்ளைப் பிரித்தேன். சாளையில் முள் எவ்வளவு நுணுக்கம் என்பது, தொடக்கூடாதென்ற கையால் தொடும்போதுதான் தெரிகிறது. பூனை முதலில் முகர்ந்தது. அப்படியே நின்றது. பிறகு ஒரு துண்டை எடுத்து மெதுவாக மென்றது, அப்புறம் இன்னொன்று. 

பைப்பைத் திறந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மார்கழித் தண்ணீர், பல் கிட்டியது. விளக்கேற்றி முடிக்க வெயில் ஏறிவிட்டது. குருசாமி எனக்குப் போன் எடுத்தார். காலைப் பூசை முடிந்ததா, வீட்டில் காய்ச்சல் எப்படி என்று கேட்டார். காய்ச்சல் குறைகிறது என்றேன். பிறகு மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் கடைக்குப் போனதையும், என் கையால் அவித்ததையும்.

 லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"முள்ளை எடுத்துட்டீங்களா சாமி?" என்று கேட்டார்.

"எடுத்துட்டேன் சாமி."

"சரி. நாளைக்கும் அதுக்கு வேணும்ல. பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டார்.